24 பேரில் ஒருவரிடம் இல்லாத புரதம்

தசைகளைத் தளர்த்தும் ஸ்கோலின் (சக்சினைல்கோலின்) ஊசி போட்ட அரை நிமிடத்தில் நோயாளியின் இமை, கன்னம், தோள், தொடை என்று தசைகள் ஒவ்வொன்றாக லேசாகத் துடிக்கும். துடிப்பு அடங்கியதும் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும், மூச்சும் நின்றுவிடும். அந்த இடைவெளியில்தான் மயக்க மருந்து டாக்டர் தொண்டைக்குள் குழாயை இறக்குவார். வயிறு நிறையச் சாப்பிட்டபின் விபத்தில் சிக்கியவருக்கு, அவசர சிசேரியனுக்கு, குடல்வால் வெடிக்கும் நிலையில் வந்தவருக்கு இவ்வளவு வேகமான மருந்து வேறு அதிகமில்லை. ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வேகம் தணிந்து, நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார்.

சிலரிடம் அது தணிவதில்லை. பதினைந்து நிமிடம் ஆகும், அரைமணி ஆகும். மணிக்கட்டின் மேல் நரம்புத் தூண்டியை வைத்து மின்துடிப்பு கொடுத்தால் கட்டைவிரல் மடங்க வேண்டும், மடங்காது. ஆபரேஷன் முடிந்து தையலும் போட்டாயிற்று, நோயாளி மட்டும் வென்டிலேட்டரிலேயே இருக்கிறார். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாத அந்த நேரம் மிகக் கொடியது. நான்கு மணி நேரம், சிலருக்கு எட்டு மணி நேரம் கழித்து விரல் அசையும், மூச்சு வரும். சரியாகப் பார்த்துக்கொண்டால் அதன்பின் எந்தக் குறையும் மிஞ்சுவதில்லை.

இது தனி ஒரு நோயாளியின் கதை இல்லை. 1950களிலிருந்து உலகம் முழுக்க மயக்கவியல் மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கும் நிகழ்வு வரிசை. இதற்குக் காரணம் இரத்தத்தில் ஓடும் ஒரு புரதம். அது எல்லா மக்களிடமும் இருக்கிறது. ஆனால் அது கெட்டுப்போகும் விதம் மக்களுக்கு மக்கள் மாறுகிறது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் இதன் முக்கியமான அத்தியாயம் கோயம்புத்தூரில் நடந்தது.

புரதத்தின் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். பழைய ஆட்கள் சூடோகோலினெஸ்டரேஸ் என்பார்கள். மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு சொல்கிறபடி கல்லீரல் இதைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. 574 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு முழு நொதி. ஸ்கோலின் இரத்தக்குழாய் வழியாக உள்ளே ஏறியவுடன் இந்த நொதி அதை வெட்டித் தள்ளுகிறது. செலுத்திய மருந்தில் ஒரு சிறு பங்குதான் தசையைச் சென்று சேர்கிறது. டாக்டர்கள் போடும் அளவு, அதாவது எடையில் கிலோவுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிகிராம், இந்த வெட்டுக்குப் போக மிஞ்சுவதைக் கணக்கில் வைத்துத்தான் பழக்கத்தில் வந்தது. நொதியே இல்லாதவருக்கு அதே ஊசி பல மடங்கு மருந்து போட்டதற்குச் சமம்.

இந்தப் புரதம் இல்லாமல் இருப்பது ஒரு நோயும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது சுத்தமாக இல்லாதவர்களும் எல்லோரையும் போல வளர்கிறார்கள், படிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், முதுமை வரை வாழ்கிறார்கள். ஆபரேஷன் மேஜையில் குறிப்பிட்ட ஒரு மருந்து ஏறும் வரை அவர்களுக்கே இது தெரியாது.

டொராண்டோவில் பிறந்த எண்

ஸ்கோலின் 1951 வாக்கில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஓரிரு வருடங்களிலேயே மூச்சு திரும்பாத நோயாளிகள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. 1956இல் இங்கிலாந்தில் ஹெர்மன் லேமனும் ரையனும் இது குடும்பத்தில் வருகிறது என்று காட்டினார்கள். இந்த லேமனுக்கு நம் பக்கத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவ இரத்த அணுவைக் கண்டு 1952இல் எழுதியவர்களில் அவரும் ஒருவர். இரத்தப் புரதங்களில் மக்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் வெகு சீக்கிரம் உணர்ந்தவர்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வெர்னர் கலோ இதை அளக்க ஒரு வழி கண்டார். நோயாளியின் பிளாஸ்மாவில் டைபுகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொஞ்சம் கலக்க வேண்டும். இயல்பான நொதியாக இருந்தால் அதன் வேலை சுமார் 80 சதவீதம் முடங்கும். விபரீதமான வகையாக இருந்தால் 20 சதவீதம்தான் முடங்கும். எல்லோரிடமும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி அதுவும் ஒரு பிரதி இதுவுமாக இருப்பவருக்கு 60க்குப் பக்கத்தில் நிற்கும். இதுதான் டைபுகெய்ன் எண். 1957இல் வெளியான இந்தச் சோதனை மிக நேர்த்தியானது. மருந்துக்கு உடம்பு எப்படி வினைபுரிகிறது என்பதை மரபணு தீர்மானிக்கிறது என்று எண்ணில் காட்டிய முதல் சோதனைகளில் இது ஒன்று.

பின்னால் அந்த விபரீத வகை என்ன என்பதும் தெரிந்தது. புரதச் சங்கிலியின் 70ஆவது இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின். நொதி இருக்கிறது, ஆனால் ஸ்கோலினைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் இடம் பழுதாகிவிட்டது. ஐரோப்பிய வம்சாவளி மக்களில் 25 பேரில் ஒருவர் இதன் ஒரு பிரதியைச் சுமக்கிறார், சுமார் 3,000 பேரில் ஒருவரிடம் இரண்டு பிரதியும் இதுதான். ஈரானிலும் ஈராக்கிலும் இருந்து வந்த யூதர்களிடம் இது இன்னும் அதிகம். ஜப்பானியரிடம் மிக அபூர்வம்.

ஆக, பாடப்புத்தகத்தில் ஏறியது இந்த வகைதான். உலகமெங்கும் ஆய்வகங்களுக்குப் போனதும் இந்தச் சோதனைதான். சோதனை எந்த மக்களிடம் உருவானதோ அந்த மக்களின் பழுதைக் கண்டுபிடிக்க அது கச்சிதமாக இருந்தது.

கோவையில் வேறு பழுது

1979இல் ஆந்திராவின் வணிகச் சமூகமான வைசியர்களிடையே நடந்த ஓர் ஆய்வு வித்தியாசமான ஒன்றைச் சொன்னது. அங்கே நொதி பழுதாக இல்லை, அநேகமாக இல்லவே இல்லை. மருத்துவத்தில் இதை மௌன வகை என்பார்கள். மேற்கு அலாஸ்காவின் எஸ்கிமோ மக்களிடம் 1960களில் இதுபோன்ற மௌன வகை அதிகமாக இருப்பது தெரிந்திருந்தது. மற்றபடி ஐரோப்பா, அமெரிக்காவில் லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான்.

அப்புறம் கோவை. பாரதியார் பல்கலைக்கழகத்தில் பூபதியின் குழு, அமெரிக்காவில் இந்த நொதிக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒக்சானா லாக்ரிட்ஜோடு சேர்ந்து, கோவை வைசியர்களின் இரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. முடிவு 2006இல் வெளியானது. சுமார் 24 பேரில் ஒருவரிடம் நொதி இல்லை. ஐரோப்பிய அளவோடு ஒப்பிட்டால் 4,000 மடங்கு. மரபணுவை வாசித்தபோது 307ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் இருந்தது.

புரோலின் ஒரு பிடிவாதக்கார அமினோ அமிலம். மற்றவை வளைந்துகொடுக்கும் இடத்தில் இது சங்கிலியை ஒடித்துவிட்டது போலத் திருப்பும். புரதம் சரியாக மடியாது. மடியாத புரதத்தைச் செல் வெளியே விடாமல் அழித்துவிடும். அதனால்தான் இரத்தத்தில் எதுவும் வந்து சேர்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு பிரதியும் கெட்டவர் 24இல் ஒருவர் என்றால், அந்தச் சமூகத்தில் இந்த மரபணுவின் பிரதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த வகை. அப்படியானால் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர் மூன்றில் ஒருவர். சொந்தத்திலேயே பெண் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் இந்த எண் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனாலும் பெரிதாக மாறாது. அதே கணக்கை லட்சத்தில் ஒருவர் என்ற இடத்தில் போட்டால், சுமப்பவர் 160 பேரில் ஒருவர்தான்.

இப்போது டைபுகெய்ன் எண்ணை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். வைசியர் ஒருவரிடம் ஒரு பிரதி நல்லது, ஒன்று மௌனம் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரத்தத்தில் இருக்கும் நொதி பாதிதான், ஆனால் இருப்பதெல்லாம் நல்ல நொதி. அது 80 சதவீதம் முடங்கும். எண் இயல்பானது என்று தாளில் வரும். இரண்டு பிரதியும் மௌனமானவரிடம் முடக்கிப் பார்க்கவே எதுவும் இருக்காது, எண் கணக்கிட முடியாமல் போகும். டொராண்டோவில் ஆளைச் சரியாகப் பிரித்துக் காட்டிய சோதனை கோவையில் சுமப்பவரைக் காட்டாமல் கைவிட்டுவிடுகிறது. சோதனையில் தவறு இல்லை. அது வேறொரு பழுதைத் தேடும்படி அமைக்கப்பட்டது. இங்கே வேண்டியது நொதியின் மொத்தச் செயல்பாட்டை அளப்பது. எண்ணும் அளவும் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் படம் முழுமையாகும்.

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு தாங்காத விஷயம் ஒன்று உண்டு. கோவையைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் இதே நொதியை வேறு காரணத்துக்காகத் தினமும் அளக்கிறார்கள். பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களுக்குப் போடும் கோலினெஸ்டரேஸ் டெஸ்ட் பெரும்பாலும் இதுதான். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து இந்த நொதியை முடக்கும், அளவு விழும், அதை வைத்து விஷத்தின் தீவிரத்தைக் கணிப்பார்கள். பிறவியிலேயே இந்த நொதி இல்லாத ஒருவரை, தோட்டத்தில் மயங்கி விழுந்தார் என்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தால் ரிப்போர்ட் கடும் விஷம் என்றே சொல்லும். கண்மணி சுருங்கியிருக்கிறதா, வாயில் எச்சில் வழிகிறதா, வியர்க்கிறதா என்று ஆளைப் பார்த்தும், சிவப்பணுவில் இருக்கும் மற்றொரு கோலினெஸ்டரேஸை அளந்தும்தான் உண்மையைப் பிரிக்க முடியும். ஒரே சோதனைத் தாள், இரண்டு வெவ்வேறு அர்த்தம். ஊர்க்காரர் யார் என்று தெரியாத டாக்டரிடம் அது சிக்கினால் பூச்சிமருந்து விஷத்துக்குப் போடும் அட்ரோபின்தான் தேவையில்லாமல் ஏறும்.

எப்படி இவ்வளவு பெருகியது

இதனால் வைசியருக்கு ஏதாவது லாபம் இருந்திருக்குமோ என்று யாரும் கேட்கலாம். அப்படித் தேட வேண்டிய அவசியம் இல்லை. 2009இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும், ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து இந்திய மக்களின் டிஎன்ஏவை ஆராய்ந்தார்கள். வைசியர் சமூகம் 100 தலைமுறைக்கும் முன்னால் சிறிய எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகியது என்றும், அதன்பின் வெளியிலிருந்து மிகக் குறைவாகவே கலந்தது என்றும் அதில் தெரிந்தது. அந்த ஆதி மூதாதையரில் ஒருவர் இருவரிடம் தற்செயலாக இந்தப் பிரதி இருந்திருந்தால் போதும். கெடுதலும் செய்யாமல் நன்மையும் செய்யாமல் அது சமூகத்தோடு கூடவே வளர்ந்துவிடும். ஸ்கோலின் என்ற மருந்து வந்ததே நேற்று மாதிரிதான். அதற்கு முன் மூவாயிரம் வருடமாக இந்தப் பழுதை யாரும் கவனித்திருக்க வழியே இல்லை.

வைசியர் மட்டும் விதிவிலக்கும் இல்லை. 2017இல் வந்த விரிவான ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களில் 81, பின்லாந்து மக்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அவற்றில் 14 குழுக்களின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல். பின்லாந்தில் அவர்களுக்கே உரிய பரம்பரை நோய்களின் பட்டியலை வைத்து மருத்துவம் நடக்கிறது. நம்மிடம் அப்படிப்பட்ட பட்டியல்கள் எண்பது தேவைப்படலாம், எழுதி முடித்தவை மிகச் சில.

இந்த இடத்தில் சாதியின் பெயரைச் சொல்வதில் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நீங்கள் வைசியரா என்று டாக்டர் கேட்பது இங்கே பழக்கத்தில் இருக்கிறது, அது பல உயிர்களுக்குக் காவல். அதே சமயம் அந்தக் கேள்வி மட்டும் போதாது. மற்ற சமூகத்தவரிடமும் வேறு மௌன வகைகள் உண்டு. கேள்வி ஒரு நினைவூட்டல்தான், சோதனைதான் பதில்.

மற்ற புரதங்களில் என்ன நடக்கிறது

பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸில் தெரியும் இந்த உண்மை மற்ற இரத்தப் புரதங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மரபணு மாற்றம் யாரிடம் இருந்தாலும் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வைசியரின் 307ஆவது புரோலின் ஒரு நார்வேக்காரரிடம் இருந்தால் அவரிடமும் நொதி இருக்காது. மாறுவது எந்த மாற்றம் எந்த மக்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது.

பிசிஎஸ்கே9 என்ற புரதத்தின் கதை இதன் மறுபக்கம். கல்லீரல் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதை இது தடுக்கிறது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் எல்டிஎல் மிகக் குறைவாக இருந்தவர்களைத் தேடி, 2005இல் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழு இந்த மரபணுவைப் பாதியில் நிறுத்திவிடும் இரண்டு மாற்றங்களைக் கண்டது. கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதத்தினரிடம் அவை இருந்தன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அநேகமாக இல்லை. அடுத்த வருடம் வேறொரு பெரிய ஆய்வில், இந்த மாற்றம் உள்ள கறுப்பினத்தவருக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவாகவும், 15 வருடத்தில் இதய இரத்தக்குழாய் நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருப்பது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அந்தப் புரதம் பாதியாக இருந்தால் இதயம் இப்படிப் பிழைக்கிறது என்று இயற்கையே செய்து காட்டிய பரிசோதனை. பத்து வருடத்துக்குள், 2015இல், அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஊசி மருந்துகள் இரண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இன்று எந்த நாட்டவருக்குப் போட்டாலும் அவை வேலை செய்கின்றன. வெள்ளையரிடம் மட்டும் தேடியிருந்தால் இந்த அளவுக்குப் பளிச்சென்ற சான்று கிடைத்திருக்காது.

சில நேரம் காரணம் தற்செயலாகவும் இருக்காது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய எல்லோருடைய சிவப்பணுவிலும் டஃபி என்ற புரதம் இல்லை. வைவாக்ஸ் மலேரியா சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு அது. கதவு இல்லாதவர்கள் பிழைத்தார்கள், அதனால் பெருகினார்கள். அதே டஃபி, அழற்சிக்கான சில சமிக்ஞைப் புரதங்களை இரத்தத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலையும் செய்கிறது. கதவு போனதும் அந்தப் புரதங்களின் அளவும், இரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் வெள்ளணுவின் எண்ணிக்கையும் மாறிவிட்டன. ஒரு ஆப்பிரிக்கரின் வெள்ளணு எண்ணிக்கை ஐரோப்பிய அளவுகோலில் குறைவாகத் தெரியும், அவர் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருப்பார். டைபுகெய்ன் எண்ணில் பார்த்த அதே சிக்கல், வேறு சோதனையில்.

இப்போது இதெல்லாம் பெரிய அளவில் நடக்கிறது. 2023இல் பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற மருத்துவ ஆய்வுத் தரவு வங்கியின் தன்னார்வலர்கள் 54,219 பேரின் இரத்தத்தில் 2,923 புரதங்களை அளந்து, எந்தப் புரதத்தின் அளவை எந்த மரபணு மாற்றம் ஏற்றி இறக்குகிறது என்று ஒரு வரைபடமே போட்டுவிட்டார்கள். 14,000க்கும் மேற்பட்ட தொடர்புகள் கிடைத்தன. பிரமாதமான வேலை. ஆனால் அந்த 54,000 பேரில் தெற்காசிய வழி வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

ஆயிரம் பேர் என்பது எவ்வளவு? ஆளுக்கு இரண்டு பிரதி, மொத்தம் 2,000. ஒரு மாற்றம் நம் மக்களிடம் நூற்றுக்கு ஒரு பிரதி இருந்தால் அந்தக் கூட்டத்தில் 20 பிரதிகள் அகப்படும். அதன் விளைவு மிகப் பெரிதாக இருந்தால் மட்டுமே கண்ணில் படும். அந்த ஆயிரம் பேரும் பஞ்சாப், குஜராத், வங்காளம், இலங்கை என்று பல ஊர் வேர்கள் கொண்டவர்கள், ஒவ்வொரு ஊருக்குள்ளும் பல சமூகங்கள். கோவையில் ஐந்தில் ஒன்றாக இருக்கும் பிரதி அந்தக் கலவையில் கரைந்து காணாமல் போகும். தெற்காசியர் என்ற ஒரே பெட்டி இந்த வேலைக்கு மிகப் பெரியது.

அளக்கும் விதமும் கவனிக்க வேண்டியது. இந்தப் பெரிய ஆய்வுகள் புரதத்தின் அளவை அதனோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம் போன்ற மூலக்கூறுகளை வைத்துக் கணிக்கின்றன. வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. வைசியரின் மௌன வகை அதில் அளவுக் குறைவாகத் தெரியும். ஆனால் 70ஆவது இடத்து ஐரோப்பியப் பழுதில் புரதம் இரத்தத்தில் இருக்கிறது, வேலைதான் செய்வதில்லை. அளவுப் பட்டியலில் அந்தப் பழுது உள்ளவர் ஏறக்குறைய இயல்பானவராகவே நிற்பார், ஆபரேஷன் மேஜையில் மூச்சு திரும்பாது. சில சமயம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மாற்றம் ஒட்டிக்கொள்ளும் இடத்திலேயே விழுந்துவிட்டால், புரதம் நிறைய இருந்தும் அளவி குறைவு என்று காட்டும். ஒரு மக்களிடம் அந்த மாற்றம் சகஜமாக இருந்தால் அந்த மக்கள் அனைவருக்குமே குறை இருப்பதுபோல் தோன்றிவிடும்.

மேஜைக்குத் திரும்பினால்

ஸ்கோலினுக்குப் பின் மூச்சு திரும்பவில்லை என்றால் செய்ய வேண்டியது எளிமையானது, பொறுமை கேட்பது. வென்டிலேட்டரை விடக் கூடாது. மயக்கத்தையும் விடக் கூடாது, ஏனென்றால் தசை மட்டுமே செயலிழந்திருக்கிறது. மயக்கம் தெளிந்தால் அவருக்கு எல்லாம் கேட்கும், விரலைக்கூட அசைத்துச் சொல்ல முடியாது. மற்ற தசைத் தளர்த்திகளை முறிக்கப் போடும் நியோஸ்டிக்மினை இங்கே அவசரப்பட்டுப் போட்டால் சிக்கல் கூடும். பிளாஸ்மா ஏற்றினால் அதில் வரும் நொதி உதவும்தான், ஆனாலும் தானாகத் தெளியும் ஒன்றுக்கு இன்னொருவர் இரத்தத்தின் ஆபத்து எதற்கு என்று பெரும்பாலோர் காத்திருக்கவே விரும்புகிறார்கள். முன்பே தெரிந்தால் ரோக்குரோனியம் என்ற வேறு தசைத் தளர்த்தியைப் போட்டுக்கொள்ளலாம், அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. அதே நொதியை நம்பியிருக்கும் இன்னொரு தசைத் தளர்த்தியான மிவாக்குரியத்தைத் தொடவே கூடாது.

ஆள் தெளிந்து வார்டுக்குப் போனபின் பாதி வேலை இன்னும் பாக்கி. இரத்தம் எடுத்து நொதியின் செயல்பாட்டையும் டைபுகெய்ன் எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும். கர்ப்பம், கல்லீரல் நோய், பூச்சிமருந்து ஆகியவையும் நொதியைக் குறைக்கும் என்பதால், சில வாரம் கழித்து ஒருமுறை திரும்பவும் பார்ப்பது நல்லது. பிறகு கூடப்பிறந்தவர்களை அழைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு மௌனப் பிரதி சுமப்பவர்கள் என்றால், அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து மில்லி இரத்தத்தில் தெரிந்துவிடும். தெரிந்தவருக்கு ஒரு சிறிய அட்டை, பெயர், இரத்த வகை, அதன்கீழே பெரிய எழுத்தில்: ஸ்கோலின் கொடுக்கக் கூடாது. அதைப் பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு நகலை வீட்டுப் பெரியவரிடமும் கொடுத்து வையுங்கள்.